முதல் திருப்பில்

சாவியைத் திருப்பியதும் ட்ரக் ஒரு முறை முனகியது. நல்ல நித்திரையில் கிடக்கிற ஆளைத் தட்டினால் ‘ம்’ என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுப்பாரே, அப்படி ஒரு முனகல். பிறகு சத்தமில்லை. குலேந்திரன் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டார். உடனே மறுபடி திருப்பக் கூடாது. ஆத்திரப்பட்டுத் திருப்பித் திருப்பிப் பற்றரியில் மிச்சமிருக்கிற உயிரையும் இறக்கிவிட்டால் பிறகு கடவுளே வந்து தள்ளினாலும் எடுபடாது. ஐந்து நிமிஷம் விட வேண்டும். நேரம் ஏழு பத்து. வெளியே மைனஸ் முப்பத்துநான்கு. பத்தரைக்குப் பஸ் வரும். பஸ் இந்த ஊருக்குள் வராது. நாற்பது கிலோமீற்றர் தள்ளி, நெடுஞ்சாலைச் சந்தியில், ஒரு பெற்றோல் நிலையத்துக்கு முன்னால் ஆட்களை இறக்கிவிட்டுத் தன்பாட்டில் மேற்கே போய்விடும். அந்தப் பெற்றோல் நிலையம் ஞாயிற்றுக்கிழமைகளில் பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும். ஆக, இவர் போகாவிட்டால் பத்தரையிலிருந்து அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் பவளராணி நிற்பாள், அறுபது வயது மனிசி, முழங்கால் வருத்தக்காரி. ட்ரக் எடுபட்டால் போகலாம். எடுபடாவிட்டால். இந்த ‘எடுபடாவிட்டால்’ என்ற இடத்துக்கு வந்ததும் யோசனை வழுக்கி மறுபடி முதலில் இருந்து தொடங்கியது. ட்ரக் எடுபட்டால் போகலாம். மார்செலைக் கேட்கலாம் என்றால் பக்கத்து வீட்டு மார்செல் வெள்ளிக்கிழமையே உறைந்த ஏரியில் துளை போட்டு மீன்பிடிக்கப் போய்விட்டார். ஊரிலுள்ள ஒரேயொரு டாக்சிக்காரர் குளிருக்குப் பயந்து புளோரிடாவுக்குப் போய்விட்டார், ஏப்ரலில்தான் வருவார். குளிருக்குப் பயந்தவருக்கு இந்த ஊரில் என்னத்துக்கு டாக்சி என்று குலேந்திரனுக்குக் கோபம் வந்தது. கோபித்துக்கொள்ள வேறு ஆளும் இல்லை.

விட்ட மூச்செல்லாம் முன்கண்ணாடியின் உட்பக்கத்தில் போய் ஒட்டி உறைந்தது. நகத்தால் சுரண்டினார். சுரண்டிய இடத்தில் மறுபடி மூச்சு போய் ஒட்டியது. பக்கத்து ஆசனத்துக்கு மேலே மடக்கியிருந்த வெயில் மறைப்பைக் கீழே இழுத்தார். அதன் சின்னக் கண்ணாடியில் பவளராணியின் ஒட்டுப்பொட்டு மூன்று இருந்தது, ஒன்று பெரியது, இரண்டு சிறியவை. அவளுக்கு அது ஒரு பழக்கம். கழற்றிய பொட்டை எறிய மாட்டாள், கை எட்டிய இடத்தில் ஒட்டிவிடுவாள். குளியலறைக் கண்ணாடியில், ஃபிரிட்ஜ் கதவில், பின்கதவடிச் சுவரில், கட்டில் தலைமாட்டில். முந்தியெல்லாம் அவருக்கு அது எரிச்சல், வீடு முழுக்க அம்மை போட்ட மாதிரி இருக்கிறது என்று ஏசுவார். இப்போது மூன்று மாதமாக ஒன்றையும் உரித்தெடுக்கவில்லை. குளியலறைக் கண்ணாடியைத் துடைக்கும்போதுகூடப் பொட்டுகளைச் சுற்றித்தான் துடைக்கிறார். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், என்று சொல்லித்தான் போனாள். டொரொன்டோவில் மகள் தர்சிகாவுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, பத்தியச் சாப்பாடு கொடுக்க வேண்டும், பிள்ளையைக் குளிக்க வார்க்க வேண்டும், ஆறு கிழமை. அது எட்டாகி, பத்தாகி, பிறகு யாரும் கிழமையைப் பற்றிப் பேசுவதில்லை. போன மாதம் தர்சிகா போனில் சொன்னாள்: “அப்பா, அம்மா இஞ்சையே இருக்கட்டும். நீங்களும் வேலையை விட்டுப்போட்டு வாங்கோவன். அந்தக் குளிருக்குள்ளை தனிய என்ன செய்யிறியள்?” என்ன செய்கிறார்? மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பகல் முழுக்க ஆவிக்குள் நின்று படுக்கை விரிப்புகளை மடிக்கிறார், வீட்டுக்கு வந்து ட்ரக்கைப் பார்க்கிறார், சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார். அதைச் சொன்னால் சிரிப்பாள் என்று, “எனக்கிஞ்சை ஒரு குறையுமில்லை பிள்ளை” என்றார். நேற்றுப் பின்னேரம் தர்சிகாதான் முதலில் போனை எடுத்தாள். “அம்மா நாளைக்கு வாறா. ஏதோ சாமான் எடுக்க வேணுமாம்.” சாமான் எடுக்க. இருக்க வருகிறவள் சாமான் எடுக்க வருகிறேன் என்று சொல்ல மாட்டாள். போகும்போது இரண்டு பெட்டி கொண்டு போனாள். இரண்டையும் கொண்டு வந்தால் இருக்க வருகிறாள், ஒன்றோடு வந்தால் மிச்சத்தை அள்ளிக்கொண்டு போக வருகிறாள். எத்தனை பெட்டி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. பவளராணி போனை வாங்கியதும் கேட்டது, “ட்ரக் எப்பிடி இருக்கு?” அவர் சொன்னது, “அதுக்கென்ன, முதல் திருப்பிலையே எடுபடும்.” “ம். நல்லது” என்றாள். பிறகு பிள்ளை அழுதது.

எப்போது போன் எடுத்தாலும் அவள் முதலில் கேட்பது ட்ரக்கைத்தான். ‘சாப்பிட்டியளோ’ என்று கேட்பதற்கு முதல், ‘நெஞ்சுச் சளி சுகமோ’ என்று கேட்பதற்கு முதல், ட்ரக் எப்படி. கட்டின மனிசன் கிடக்கிறான், ட்ரக்குக்கு நலம் விசாரிக்கிறாள் என்று அவருக்கு உள்ளுக்குள் குத்தும். அந்தக் குத்தலில்தான் ஒவ்வொரு முறையும் முதல் திருப்பில், முதல் திருப்பில் என்று சொல்லிவந்தார். பொய். ஆனால் பதினொரு வருஷம் அது உண்மையாகத்தான் இருந்தது. பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு பெப்ரவரியில் ட்ரக்கை வாங்கினார்கள், அப்போதே அதற்கு ஒன்பது வயது. கடும் நீலம், இடதுபக்கக் கதவு மட்டும் வெள்ளை. யாரோ இடித்துப்போட்டு, பழைய இரும்புக் கடையில் வேறொரு ட்ரக்கின் கதவைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். பவளராணி பார்த்துவிட்டு, “மாப்பிள்ளைக்குக் கட்டின பொய்ப்பல்லுப் போலை கிடக்கு” என்றாள். என்றாலும் வாகனம் வாகனம்தானே, முறை தவறக் கூடாது என்று பின்னேரமே சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்து, நாலு டயருக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நல்ல நேரத்துக்கு இன்னும் முக்கால் மணி இருந்தது. குளிருக்கு வெளியே நிற்க ஏலாமல் உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து, கற்பூரம் கொளுத்தி, தேவாரம் படித்து, அவர் ஏறியிருந்து ட்ரக்கை மெல்ல முன்னுக்கு எடுத்தார். எலுமிச்சம்பழம் நசியவில்லை. முக்கால் மணி நேரத்தில் நாலும் கல்லாகிவிட்டன. ஒன்று டயருக்கு அடியிலிருந்து தெறித்துப் பறந்து மார்செலின் தபால்பெட்டியில் போய் ‘டங்’ என்று அடித்தது. அவருக்கு முகம் செத்துப்போய்விட்டது. நசியாத எலுமிச்சம்பழம், இதைவிட அபசகுனம் என்ன வேண்டும்? கண்ணாடியால் எட்டிப் பார்த்தால், பவளராணி கற்பூரத் தட்டைப் பனிக்குள் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கொழும்பிலிருந்து வந்து இரண்டு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் கண்டதில்லை. மார்செல் வெளியே வந்து பழத்தைக் கையில் எடுத்து, இது என்ன, ஏன் என் வீட்டுக்கு எறிகிறீர்கள் என்று கேட்க, அவள் சிரிப்புக்கு நடுவில் தனக்குத் தெரிந்த ஐம்பது ஆங்கிலச் சொல்லையும் வைத்து விளக்கம் சொன்னாள். மார்செல் என்ன விளங்கினாரோ தெரியாது, அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அவர்களுக்கு ஒரு பை எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுப்பார். இந்தக் கிறிஸ்மஸுக்கும் கொடுத்தார். பழங்கள் ஃபிரிட்ஜில் கிடந்து தோல் கறுத்துச் சுருங்கிவிட்டன. தனியாளுக்கு எத்தனை எலுமிச்சம்பழம் வேண்டும்?

ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். திருப்பினார். ங்ங். அதே முனகல், முந்தியதைவிடச் சின்னது. இந்த ட்ரக்குக்கு அவர் என்ன குறை வைத்தார்? வீதிக்கு உப்புக் கொட்டுகிற ஊர் இது, உப்பு இரும்பைத் தின்னும் என்று ஒவ்வொரு ஒக்டோபரும் முதுகு நோகக் கீழே படுத்துக் கிடந்து அடிப்பாகம் முழுக்க எண்ணெய் பூசுவார். “உதுக்குப் பூசுற எண்ணெயிலை கால்வாசி தலைக்கு வைச்சிருந்தால் மயிர் கொட்டியிராது” என்று பவளராணி யன்னலால் எட்டிச் சொல்லுவாள். குளிர் தொடங்கியதும் எஞ்சின் எண்ணெயை மெல்லிசாக மாற்றுவார், பெற்றோல் தொட்டியைப் பாதிக்குக் கீழே இறங்க விட மாட்டார், பின்சில்லு வழுக்காமலிருக்கப் பழைய அரிசிச் சாக்கு ஐந்தில் மணல் நிரப்பிப் பின்தட்டில் போடுவார். படுக்கப் போகுமுன் எஞ்சின் சூடாக்கியின் வயரைக் கொண்டுபோய்ப் பின்கதவுக்கு வெளியே சுவரிலிருக்கிற பிளக்கில் செருகுவார். இந்த ஊரில் எல்லா வாகனத்துக்கும் மூக்கில் ஒரு வயர் தொங்கும். இரவிரவாக அது எஞ்சினைச் சுடவைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே எண்ணெய் சீனிப்பாணியாக இறுகிவிடும். இதெல்லாவற்றையும் பதினொரு வருஷம் பிசகாமல் செய்தார், ட்ரக்கும் பதினொரு வருஷம் பிசகவில்லை. மைனஸ் நாற்பதில் புத்தம்புது வாகனங்கள் மூச்சுவிடாமல் கிடக்க, இவருடைய ஒற்றைக் கதவு வெள்ளை ட்ரக் முதல் திருப்பில் உறுமிக்கொண்டு எழும்பும். சலவைக்கூடத்தில் அவர் அதைச் சொல்லாத ஆள் இல்லை. வாகனம் பராமரிப்பு என்பது பிள்ளை வளர்ப்பதுபோல, கை பட வேண்டும் என்று பிரசங்கம் வேறு. அந்தக் கைதான் இப்போது கையுறைக்குள் விறைத்துப்போய்ச் சாவியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

டிசம்பரில்தான் தொடங்கியது. அவள் போய் ஒரு கிழமைகூட ஆகவில்லை, முதல் கடுங்குளிர் வந்த காலையில் ட்ரக் எழும்பவில்லை. குளிர் குறைந்த நாட்களில் எழும்பும். மைனஸ் இருபத்தைந்தைத் தாண்டினால் முனகும். பற்றரி மாற்றினார். ஸ்பார்க் பிளக்குகள் மாற்றினார். மார்செல் வந்து தன் வாகனத்திலிருந்து வயர் கொடுத்து எழுப்பிவிட்டுக் கேட்டார், “சூடாக்கி போட்டீர்தானே?” “போடாமல்?” என்றார் இவர், கோபத்தோடு. வயர் பழுதோ என்று மார்செல் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார், வயர் நல்லது. கராஜ்காரர் சூடாக்கியைச் சோதித்தார், சூடாக்கி நல்லது. “எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது. வயசு” என்றார் கராஜ்காரர், ட்ரக்கையும் அவரையும் ஒரே பார்வையில் பார்த்துக்கொண்டு. அதைவிட வேறொரு விஷயம், அதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. முந்தியெல்லாம் காலையில் வயரைக் கழற்றப் போகும்போது எஞ்சினுக்குள் ஒரு மெல்லிய இரைச்சல் கேட்கும், சோற்றுப்பானை கொதிக்கப்போகும்போது போடுகிற சத்தம் மாதிரி. இந்தக் குளிர்காலம் அது கேட்கவே இல்லை. காதுதான் போய்விட்டதென்று நினைத்தார். வேலைத்தலத்துத் தாதி ஒருத்தியிடம் காதைக் காட்டினார், அவள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டுக் காதில் ஒரு குறையுமில்லை என்றாள். அப்படியென்றால் என்ன? ட்ரக் அவளைத் தேடுகிறது என்றுகூட ஒரு நாள் நினைத்தார். இரும்புக்கு ஏது தேட்டம், தனியே இருந்தால் மனிசனுக்குப் புத்தி இப்படித்தான் போகும். ஆனால் அவள் போனாள், ட்ரக் படுத்தது. இந்த இரண்டையும் எப்படித் தள்ளிவைத்தாலும் அவை திரும்பவும் வந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

சந்தியில் அவளை ஏற்றிவிடப் போன நாள். அன்றைக்கும் பூட்டிய கதவுக்கு முன்னால், இதே ட்ரக்குக்குள் சூட்டைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். போகாதே என்று சொல்லுகிற உத்தேசம் இல்லை, பிள்ளைப்பேறு, போகத்தான் வேண்டும். ஆனால் கெதியில் வா என்று சொல்லியிருக்கலாம். நீர் இல்லாமல் எனக்கு ஏலாது என்று. முப்பத்தைந்து வருஷத்தில் ஒருமுறைகூடச் சொல்லாததைப் பெற்றோல் நிலையத்தில் வைத்து எப்படிச் சொல்லுவது? பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்ததும் அவள் கழுத்துச் சால்வையைச் சுற்றிக்கொண்டு சொன்னாள், “இரவிலை பின்கதவடியை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ.” “பூட்டுறன், பூட்டுறன்” என்றார். அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் அவர் முன்கண்ணாடி கழுவுகிற நீலத் தண்ணீர் முடிந்துவிட்டது, திரும்பிப் போகையில் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். நீலத் தண்ணீர். ஆறு கிழமைக்குப் போகிற பெண்டாட்டிக்குக் கடைசியாகச் சொன்ன வார்த்தை நீலத் தண்ணீர். அவள் “அப்ப போட்டு வாறன்” என்று இறங்கினாள். அன்றிலிருந்து ஒரு இரவு தவறாமல் பின்கதவைப் பூட்டி, பூட்டியதை இழுத்துப் பார்த்து, சில நாள் படுத்த பிறகும் எழும்பிப் போய் இழுத்துப் பார்த்திருக்கிறார். அவள் சொன்னதில் அந்த ஒன்றையாவது செய்கிறேன் என்று ஒரு ஆறுதல்.

நேற்று என்ன பிழை விட்டார்? வரிசையாக நினைத்துப் பார்த்தார். எட்டு மணிக்கு வயரைச் செருகினார். செருகியது நல்ல ஞாபகம், கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் செருகினார், விரல் இரும்பில் ஒட்டியது. பிறகு கோப்பை கழுவினார். பிறகு வீட்டைச் சுற்றி வந்தார். அது அவருடைய தினசரிப் பூசை. படுக்குமுன் வீட்டிலுள்ள சுவிட்ச் ஒவ்வொன்றையும் அணைத்து நூர்த்துவிட்டுத்தான் படுப்பார், குசினி, கூடம், குளியலறை, மாடிப்படி, கடைசியாகப் பின்கதவடியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டும். யாழ்ப்பாணத்து வீட்டில் ஒவ்வொரு பிளக்குக்கும் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருந்தது, படுக்குமுன் நூர்க்காவிட்டால் அப்புவின் கை முதுகில் விழும். பிறகு மின்சாரமே இல்லாத வருஷங்கள், பிறகு கொழும்பில் லொட்ஜ்காரனின் முறைப்பு. இந்த நாட்டுப் பிளக்குகளுக்குச் சுவிட்ச் இல்லையென்பது அவருக்கு இன்றைக்கும் ஒரு மனக்குறை. அணைக்க முடியாத வீட்டில் எப்படி நிம்மதியாகப் படுப்பது? நேற்றும் எல்லாவற்றையும் நூர்த்தார், கதவைப் பூட்டினார், இழுத்துப் பார்த்தார், படுத்தார். பவளராணி இருந்தால் இந்த இடத்தில் எழும்புவாள். ஒவ்வொரு நாளும் அப்படித்தான், விளக்கெல்லாம் நூர்ந்து அவர் கண் மூடுகிற நேரம் பார்த்து எழும்பி, செருப்பை இழுத்து இழுத்துப் பின்பக்கம் போய்விட்டு வருவாள். “என்னத்துக்கு இப்ப உலாத்திறீர்?” “கதவு பூட்டினதோ எண்டு பாத்திட்டு வாறன்.” “நான்தானே பூட்டினனான். என்னிலை நம்பிக்கை இல்லையோ?” “உங்களிலை இருக்கு. கதவிலைதான் இல்லை.” அந்தச் செருப்புச் சத்தம் எவ்வளவு எரிச்சலாக இருந்தது. இப்போது அது இல்லாமல் நித்திரை வருவதில்லை. படுத்தபடி அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறார், வராது என்று தெரிந்தும்.

மூன்றாம் முறை திருப்பினார். முனகல்கூட இல்லை, ‘டிக்’ என்று ஒரு சொடுக்கு. இனி இங்கே குந்தியிருந்து பிரயோசனமில்லை. பற்றரியைக் கழற்றி உள்ளே கொண்டுபோய்ச் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்து உயிர் ஏற்ற வேண்டும். சில நாட்கள் அது கைகொடுத்தது, பல நாட்கள் இல்லை. மைனஸ் முப்பத்துநான்கில் கைகொடுக்குமா என்று யோசிக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. அவள் சந்தியில் நிற்பாள். கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வீதியின் இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு. ஒரு மணி நேரம் பார்ப்பாள். பிறகு பார்க்க மாட்டாள். இறங்கி மூடியைத் திறந்து, நட்டுகளைக் கழற்றி, பற்றரியைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு பின்கதவைக் காலால் தள்ளினார். உள்ளே இருட்டு. கை இரண்டும் பற்றரியில். முழங்கையை உயர்த்திச் சுவரில் சுவிட்ச் இருக்கிற இடத்தில் ஒரு இடி இடித்தார். வெளிச்சம் வந்தது. பற்றரியைப் பாயில் வைத்துவிட்டு, ட்ரக்கின் மூடியைத் திறந்தபடி விட்டது ஞாபகம் வந்து மறுபடி வெளியே போனார்.

மூடியில் கை வைத்தவர் அப்படியே நின்றார். சோற்றுப்பானை. மெல்லிய இரைச்சல், எஞ்சினுக்குள் எங்கேயோ அடியில். தொப்பியைக் கழற்றினார், காது எரிந்தது, கேட்டது. பொய்யில்லை. மூன்று மாதமாகக் கேட்காத சத்தம். இரண்டு நிமிஷத்துக்கு முன் இது இல்லை. இரண்டு நிமிஷத்தில் என்ன நடந்தது? வயரைக் கண்ணால் பிடித்துக்கொண்டு போனார், ட்ரக்கின் மூக்கிலிருந்து பனிக்கு மேலால் ஊர்ந்து, படியேறி, சுவரிலிருக்கிற பிளக் வரைக்கும். ஒரு மாற்றமும் இல்லை, நேற்றுச் செருகியபடி கிடந்தது. உள்ளே போனார். கதவடிச் சுவரில் இரண்டு சுவிட்சும் மேலே நின்றன, இந்த நாட்டில் மேலே என்றால் போட்டிருக்கிறது. ஒன்று அந்த இடத்து விளக்கு. மற்றது எதற்கென்றே தெரியாத சுவிட்ச், போட்டாலும் ஒன்றும் எரியாது, நூர்த்தாலும் ஒன்றும் அணையாது. அதனால்தான் இரவிரவாக அதைத் தவறாமல் நூர்த்துவந்தார், சும்மா ஏன் போட்டபடி நிற்க வேண்டும் என்று. முழங்கை இரண்டு சுவிட்சையும் சேர்த்து இடித்திருக்கிறது. அந்த இரண்டாவது சுவிட்சுக்கு மேலே, ஓரம் கழன்றபடி, ஒரு சின்னச் சிவப்பு ஒட்டுப்பொட்டு இருந்தது. அவர் அதைத் தினமும் கண்டிருக்கிறார், வீடு முழுக்க ஒட்டிவைத்த பொட்டுகளில் ஒன்று என்று. சுவிட்சைக் கீழே தட்டினார். வெளியே போய்க் காது கொடுத்தார். சத்தமில்லை. உள்ளே வந்து மேலே தட்டினார். வெளியே போனார். இரைச்சல். இன்னொரு தரம் செய்து பார்த்தார், நம்ப ஏலாமல் அல்ல, கால் அப்படியே போய் வந்தது.

வாசலில் குந்திவிட்டார். ட்ரக் வாங்கிய முதல் குளிர்காலத்தில் அவள் ஏதோ சொன்னாள், இப்போது ஞாபகம் வருகிறது, வீட்டுக்கார அம்மா வந்து காட்டினாளாம், வெளிப் பிளக்குக்குப் போகிற அந்தச் சுவிட்சை நூர்க்கக் கூடாதாம். இவர் கேட்டாரா? மின்சாரம் சும்மாவா வருகிறது என்று அரை மணி நேரம் உபதேசம் செய்தார். அவள் பேசாமல் இருந்துவிட்டாள். இந்த மனிசனுக்குச் சொல்லித் திருத்துவதைவிட எழும்பிப் போய்ப் போட்டுவிட்டு வந்து படுப்பது சுகம் என்று முடிவெடுத்திருக்கிறாள். இருட்டில் தடவிப் பிடிக்க ஒரு பொட்டை ஒட்டியிருக்கிறாள். பதினொரு குளிர்காலம், முழங்கால் வீங்கின நாட்களிலும், காய்ச்சல் நாட்களிலும், அவரோடு கோபம் போட்டு முதுகைக் காட்டிப் படுத்த நாட்களிலும், எழும்பி, செருப்பை இழுத்துக்கொண்டு போய். மறுநாள் காலை இவர் முதல் திருப்பில் ட்ரக்கை எழுப்பிவிட்டுச் சலவைக்கூடத்தில் போய்ப் பிரசங்கம் செய்வார். போகும்போதுகூடச் சொன்னாள், பின்கதவடியைப் பாருங்கோ என்று. இவர் கதவை இழுத்து இழுத்துப் பார்த்தார், சுவிட்சை நூர்த்துவிட்டு. இதெல்லாம் வெட்கம்தான், தாங்கலாம். அதற்குப் பின்னால் வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. ட்ரக் எப்படி என்று அவள் ஒவ்வொரு முறையும் கேட்டது ட்ரக்கைப் பற்றி அல்ல. நான் இல்லாத வீடு எப்படி நடக்கிறது என்று கேட்டிருக்கிறாள். இவர் ஒவ்வொரு முறையும், முதல் திருப்பில், முதல் திருப்பில் என்று, நீ தேவையில்லை என்று பதில் சொல்லியிருக்கிறார். மூன்று மாதம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் பிறகு என்ன செய்வாள்? சாமான் எடுக்கத்தான் வருவாள்.

சட்டைப்பையில் போன் அடித்தது. பஸ் எங்கேயோ ஒரு ஊரில் நிற்கிறது போல, பின்னால் ஆட்கள் இறங்கி ஏறுகிற சத்தம்.

“இஞ்சருங்கோ, எழும்பிட்டியளோ? பஸ் நேரத்துக்குத்தான் வருகுது. ட்ரக் எடுபட்டதோ?”

நாக்கு நுனியில் அது வந்து நின்றது, முதல் திருப்பில் என்று. மூன்று மாதப் பழக்கம்.

“இல்லை” என்றார். “எடுபடேல்லை. நீர் போன நாளிலையிருந்து ஒழுங்கா எடுபடேல்லை பவளம். நான் உமக்குப் பொய் சொன்னனான்.”

அந்தப் பக்கத்தில் யாரோ பஸ்ஸின் கதவைச் சாத்தினார்கள்.

“பின்கதவடியிலை பொட்டு ஒட்டின சுவிட்ச் ஒண்டு...” என்று தொடங்கினாள்.

“இப்பதான் கண்டனான். போட்டிட்டன். இரையுது.”

“எத்தினை மணிக்குப் போட்டனீங்கள்?”

“இப்ப. ஏழு நாப்பது.”

அவள் கணக்குப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. எத்தனை மணி நேரம் சுட வேண்டும், எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும், எப்போதும்.

“ஒன்பதரை மட்டும் சுடட்டும். அதுக்கு முதல் சாவியிலை கை வைக்காதேங்கோ. பற்றரியை உள்ளுக்கை கொண்டு போய் வையுங்கோ.”

“வைச்சிட்டன்.”

“ம்.” பிறகு, “நான் ஒரு பெட்டிதான் கொண்டு வாறன். வெறும் பெட்டி.”

அவர் சுவரிலிருந்த பொட்டையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார்.

“என்னப்பா, லைனிலை நிக்கிறியளோ?”

“நிக்கிறன்.”

“உடுப்பெல்லாம் தர்சிகா வீட்டிலை மற்றப் பெட்டியுக்கை கிடக்கு. அவள் அதைப் பிறகு எங்கடை வீட்டுக்கு ஆரிட்டையும் குடுத்து அனுப்பட்டும்.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “கண்டறியாத சுவிட்ச். ஆறுதலா வாங்கோ, ஸ்நோவுக்குள்ளை ஓடி வராதேங்கோ. வெளிக்கிடுமட்டும் அதை நூத்துப்போடாதேங்கோ, கேட்டுதோ?”

“இல்லை. நூக்கேல்லை.”

போனை வைத்த பிறகு வீடு பழையபடி அமைதியாக இருந்தது. வெளியே இரைச்சல் கேட்கிறதா என்று கதவைக் கொஞ்சம் திறந்து பார்த்தார், கேட்டது. கழன்றிருந்த பொட்டின் ஓரத்தைப் பெருவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டார். வீட்டில் அந்தச் சுவிட்சை நூர்க்கக்கூடிய ஆள் அவரைத் தவிர வேறு யாருமில்லை. என்றாலும் குலேந்திரன் கோட்டையும் சப்பாத்தையும் கழற்றாமல், ஒன்பதரை மணி வரைக்கும் அதற்குப் பக்கத்திலேயே நின்றார்.